கேஸ் செட்டில் ஆனா பில்லும் செட்டில்னு அர்த்தமில்ல

சென்னைல நைட் ஷிப்ட்ல ஏஆர் காலிங் (அமெரிக்க டாக்டர்களுக்கு வர வேண்டிய பில் பணத்த இன்சூரன்ஸ்கிட்ட போன்ல கேட்டு வாங்கற வேலை) பண்றவங்க, வேலைல அடிபட்டவங்களுக்கான இன்சூரன்ஸான ஒர்க்கர்ஸ் காம்ப்னாலே நழுவிடுவாங்க, அதுலயும் கலிஃபோர்னியான்னா கேக்கவே வேணாம். நான் அதுலயே ஊறிப் போனவன், புதுசா வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்லியே ஆகணும்.

இன்சூரன்ஸ்ல கேஸ பாக்கற அட்ஜஸ்டர் போன்ல "கேஸ் செட்டில்டு, ஃபைல் க்ளோஸ்டு"ன்னு ஒரே வரில முடிச்சிடுவாங்க, நம்ம பசங்களும் அதையே நோட்ஸ்ல போட்டுட்டு அக்கவுண்ட்ட ரைட் ஆஃப்க்கு, அதாவது வராத பாக்கின்னு தள்ளிடறாங்க. காம்ப்ரமைஸ் அண்ட் ரிலீஸ், சுருக்கமா சி அண்ட் ஆர்னா, மொத்தமா ஒரு தொகை வாங்கிட்டு கேஸ முடிக்கற ஒப்பந்தம்; அதுல கையெழுத்து போட்டது அடிபட்ட தொழிலாளியும் இன்சூரன்ஸும்தான், டாக்டர் இல்ல. லீன் (பில் பாக்கிக்காக டாக்டர் அந்த கேஸ்ல போடற உரிமைக் கோரிக்கை) ஃபைல் ஆகியிருந்தா டாக்டரோட உரிமை அப்படியே நிக்கும், அந்த டாக்குமெண்ட்லயே பெரும்பாலும் லீன எல்லாம் இன்சூரன்ஸ் பேசி முடிக்கணும், இல்லன்னா வாதாடணும்னு எழுதியிருப்பாங்க, ஆனா ரெக்கார்டுல இருக்கற லீனுக்கு மட்டும்தான்.

அதனால தேதிதான் உயிர். 2013 ஜூலை 1லேந்து பாத்த சிகிச்சைன்னா சர்வீஸ் தேதிலேந்து 18 மாசத்துக்குள்ள லீன ஃபைல் பண்ணணும், செட்டில் ஆன தேதிலேந்து இல்ல. 150 டாலர் ஃபைலிங் ஃபீ வேற. ரேட்டு மட்டும்தான் தகராறுன்னா அது லீனே இல்ல, வெளி ஆள் பில்ல பாத்து தீர்ப்பு சொல்ற இண்டிபெண்டெண்ட் பில் ரிவியூக்கு போகணும்.

பொறுப்பில்லன்னு இன்சூரன்ஸ் டினை பண்ணின கேஸ் சி அண்ட் ஆர்ல முடிஞ்சா இன்னும் கஷ்டம், ஏன்னா வேலைலதான் அடிபட்டுச்சுன்னு நிரூபிக்கற பாரம் டாக்டர் தலைல வந்து விழும், பணம் வாங்கிட்டு போன தொழிலாளி நமக்காக சாட்சி சொல்ல எதுக்கு வரணும்? முதல் விசிட் ரிப்போர்ட்ல எங்க எப்படி அடிபட்டுச்சுன்னு தெளிவா எழுதியிருந்தாதான் லீன பத்தி நீதிபதி முன்னாடி நடக்கற லீன் கான்ஃபரன்ஸ்ல பேரம் பேசவே வாய் வரும்.

எனக்கு நெஜமா கோவம் வர்றது வேற விஷயத்துல. ஒரு கிடங்குல மூட்டை தூக்கி முதுகு போன மனுஷன், அவருக்கே பில் பாக்கி ஸ்டேட்மெண்ட் போயிருக்கு, பயந்துபோய் போன் பண்றாரு, கிரெடிட் கெட்டுடுமான்னு கேக்கறாரு. க்ளெய்ம் ஃபார்ம் போட்டாச்சுன்னா, பொறுப்பு எங்களோடது இல்லன்னு முதலாளி தரப்புலேந்து எழுத்துல நோட்டீஸ் வராத வரைக்கும் தொழிலாளிகிட்ட நேரா காசு கேக்கக் கூடாதுன்னு லேபர் கோட் 3751லயே இருக்கு. பாக்கிய தொழிலாளி தலைல போட்டு பேஷண்ட் பேலன்ஸ்னு மாத்தற பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி அந்த நோட்டீஸ் ஃபைல்ல இருக்கான்னு பாருங்க, ப்ளீஸ்.

அடுத்த தடவ "செட்டில்டு"ன்னு சொன்னா போனை வைக்காதீங்க. சி அண்ட் ஆரா, இல்ல இழப்பீட்ட ஒத்துக்கிட்டு தவணையா தர்ற ஸ்டிப்புலேஷனா, எந்த தேதி, லீன் பேசறது யாரு, அவங்க நம்பர் என்ன, இவ்ளோவும் வாங்கிட்டு நோட்ஸ் போடுங்க. ஸ்டிப்புலேஷன்னா பெரும்பாலும் மேற்கொண்டு ட்ரீட்மெண்ட் ஓபனாவே இருக்கும், அந்த அக்கவுண்ட்ட க்ளோஸே பண்ணாதீங்க.