மஞ்சள் கடுதாசிக்கு முன்

ஜூன் 9, திங்கள்

காலை ஆறே முக்காலுக்கு ஃபைனான்ஸ் ஆள் போன் செய்தான். எட்டு மணிக்கு முன்னாலும் சாயந்திரம் ஏழுக்கு மேலும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே உத்தரவு போட்டிருக்கிறது என்றேன். "சரிக்கா, எட்டு மணிக்குக் கூப்பிடறேன்" என்றான். சொன்னபடி கூப்பிட்டான்.

பள்ளிச் சீருடை ஜாப் ஒர்க். மார்ச்சில் சரக்கை எடுத்துப் போன பார்ட்டியின் போன் இன்றுவரை சுவிட்ச் ஆஃப். நாலு பவர் மெஷினும் ஒரு ஓவர்லாக்கும் துணி போர்த்திக்கொண்டு கிடக்கின்றன. மொத்தக் கடன் 6,40,000 ரூபாய். இதில் தண்டல் மட்டும் 90,000. பத்தாயிரம் என்று எழுதி 8,500 கையில் தருவார்கள். நூறு நாள், தினம் நூறு ரூபாய். ஒன்றை அடைக்க இன்னொன்று வாங்கினால் எங்கே போய் நிற்கும் என்று இப்போது தெரிகிறது.

ஜூன் 11, புதன்

தெரிந்தவர் சொன்னார் என்று பாரிமுனைப் பக்கம் ஒரு வக்கீலைப் பார்த்தேன். "ஐ.பி., அதான் திவால் மனு, போட்டுட்டா ஒருத்தனும் உங்க வாசப்படி மிதிக்க மாட்டான்" என்றார். ஃபீஸ் அறுபதாயிரம், முன்பணம் பதினைந்து. யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்டையார்பேட்டைக்கு மெட்ரோவில் திரும்பும்போது கணக்குப் போட்டேன்: அந்த அறுபதாயிரம் இருந்தால் குழுக் கடன் 45,000 முழுக்கத் தீர்ந்து, பதினைந்து கையில் நிற்கும்.

ஜூன் 12, வியாழன்

கொழுந்தனார் வந்தார். "மெஷினையெல்லாம் என் பேருக்கு எழுதிக் கொடுத்துடுங்க அண்ணி, அப்புறம் எவன் என்ன பண்ணுவான்?" வீட்டுக்காரர் தலையாட்டினார். நான் காபி கொடுத்து அனுப்பினேன்.

ஜூன் 16, திங்கள்

ஹைகோர்ட் எதிரே டைப் அடிக்கும் அக்காதான் வழி காட்டினார். "பொம்பளைக்கு வருமானமே பார்க்க மாட்டாங்கம்மா, உள்ளே இலவச சட்ட உதவி இருக்கு, போய் எழுதிக் கொடு." நானோ ரேஷன் கார்டு, வருமானச் சான்று எல்லாம் தேடி எடுத்துப் போயிருந்தேன். 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் எல்லாம் வருமானக் கணக்கு இல்லாமலே வருகிறார்களாம். வீட்டுக்காரர் பெயரில் கடன் இருந்திருந்தால் சான்று காட்ட வேண்டியிருக்கும். இங்கே வர வழி தெரியாதவர்கள் 15100-க்குப் போன் செய்யலாம் என்று சுவரில் எழுதியிருக்கிறது.

ஆணைக்குழு ஒதுக்கிக் கொடுத்த பேனல் வக்கீல் சின்ன வயசுப் பெண். முதலில் கேட்டதே, "யாருக்கெல்லாம் தரணும், சொல்லுங்கம்மா." முக்கால் மணி நேரம் எழுதினார். நானும் என் கேள்விகளைக் கேட்டேன்.

திவாலுக்குப் புதுச் சட்டம் வந்துவிட்டதாமே? 2016 திவால் சட்டத்தில் தனி ஆளுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்திருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்குச் சென்னையில் இன்னும் 1909 சட்டம்தான், மனு ஹைகோர்ட்டில். மற்ற மாவட்டங்களுக்கு 1920 சட்டம்.

கொழுந்தனார் யோசனையைச் சொன்னதும் வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். "செய்யாதீங்க. திவால்னு உத்தரவு வர்றதுக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள சும்மா எழுதிக் கொடுத்தது செல்லாது. கோர்ட்டுக்கும் உங்க மேல சந்தேகம் வந்துடும்."

உத்தரவு வந்தால் என் சொத்து, திவாலானவர் சொத்தைப் பொறுப்பெடுக்கும் கோர்ட் அதிகாரியான அஃபீஷியல் அசைனி கைக்குப் போகும். தொழில் கருவி, துணிமணி, படுக்கை, பாத்திரம் என்று எனக்கு விடுவது எல்லாம் சேர்த்து 300 ரூபாய் மதிப்புக்கு. 1909-இல் அது பெரிய தொகையாக இருந்திருக்கும். இன்று என் ஓவர்லாக்குக்கு ஒரு ஊசி பாக்கெட்டும் நூல்கண்டும் வாங்கினால் தீர்ந்தது.

கடைசியில் அவர் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. என் கடன் தள்ளுபடி ஆனாலும் ஜாமீன் நின்றவர் தப்ப முடியாது. ஃபைனான்ஸ் 2,80,000-க்குக் கையெழுத்து போட்டது என் தாய்மாமன். குழுக் கடனில் ஐந்து பெண்கள். நான் கட்டாத தவணையை இப்போதே அவர்கள்தான் பகிர்ந்து கட்டுகிறார்கள்.

ஃபீஸ் என்று பர்ஸைத் திறந்தேன். "எனக்கு ஆணைக்குழு கொடுக்கும். நீங்க கொடுத்தா நான் வாங்கவே கூடாது" என்று மூடச் சொன்னார்.

ஜூன் 18, புதன்

மாமாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. "சாப்பிட்டியா?" என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

வக்கீல் மேடம் இரண்டு வழி வைத்திருக்கிறார். துணிக்கடைக்காரரையும் ஃபைனான்ஸையும் முதலில் லோக் அதாலத்துக்கு, அதாவது சமரசம் பேசித் தீர்க்கும் மக்கள் நீதிமன்றத்துக்கு, கூப்பிட்டுப் பார்ப்பது; அங்கே ஒத்துக்கொண்டு எழுதினால் அது தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. தண்டல்காரர் மிரட்டினால் 2003 கந்துவட்டிச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம். இதெல்லாம் படியாவிட்டால்தான் மனு. எதுவானாலும் பட்டியல் வேண்டும், ஒருவரையும் விடக் கூடாது.

ராத்திரி பழைய டைரியில் எழுத உட்கார்ந்தேன். ஃபைனான்ஸ் 2,80,000. துணிக்கடை 2,05,000. தண்டல் 90,000. குழு 45,000. கூட்டினால் இருபதாயிரம் குறைந்தது. தெரிந்துதான் விட்டிருந்தேன்: கீழ்வீட்டு அக்கா, மகள் காதணியை அடகு வைத்துக் கொடுத்த கைமாற்று. நோட்டும் இல்லை, சாட்சியும் இல்லை. கீழே அவர் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்ற பிறகு அவர் பெயரையும் எழுதினேன்.