பரமேறிய பிறகு

ஈஸ்டர் ஞாயிறையும் சேர்த்து 40-ஆம் நாள், வியாழக்கிழமை வருகிற பரமேறுதல் திருநாளை, அதாவது உயிர்த்தெழுந்த இயேசு பரலோகத்துக்கு ஏறிப்போனதை நினைக்கிற நாளை, பல சபைகளில் சத்தமில்லாமல் கடந்துவிடுகிறோம். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாக நட்சத்திரம் கட்டுகிறோம், பெரிய வெள்ளிக்கு லீவு போட்டாவது மும்மணி ஆராதனைக்குப் போகிறோம். இதற்கு மட்டும் ஏனோ அவ்வளவு ஆர்வம் இல்லை. எனக்கு இது வருத்தம்தான்.

லூக்கா சுவிசேஷத்தின் கடைசி வசனங்களை வாசித்துப் பாருங்கள். பெத்தானியா அருகே சீஷர்களை ஆசீர்வதித்துக்கொண்டிருக்கும்போதே இயேசு அவர்களைவிட்டுப் பிரிகிறார். நேசித்தவரை வழியனுப்பிவிட்டு வருகிறவர்கள் அழுதுகொண்டுதானே வருவார்கள்? இவர்கள் மிகுந்த சந்தோஷத்தோடு எருசலேமுக்குத் திரும்பினார்கள் என்று எழுதுகிறார் லூக்கா. அவர் தங்களை விட்டுத் தூரமாகப் போய்விட்டதாக அவர்கள் நினைக்கவே இல்லை. முன்பு அவர் பூமியில் இருந்தபோது, அவருடைய சிநேகிதன் லாசரு வியாதியாகக் கிடந்தால்கூட ஆள் அனுப்பி அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. இன்று ஐசியூ வாசலில் நிற்கிற அம்மாவும், துபாய் கேம்ப்பில் தனியாக முழங்கால் போடுகிற தம்பியும் ஒரே நேரத்தில் அவரைக் கூப்பிடலாம். இருவருக்கும் அவர் பக்கத்தில்தான் இருக்கிறார்.

அப்புறம் தமஸ்கு வழியில் சவுல் (பின்னாளில் பவுல்) கேட்ட இயேசுவின் குரல்: "நீ என்னை ஏன் துன்பப்படுத்துகிறாய்?" அவன் துரத்தியது விசுவாசிகளை. ஆனால் 'என் ஜனங்களை' என்று அவர் சொல்லவில்லை, 'என்னை' என்கிறார். இங்கே நம்மேல் விழுகிற அடி அங்கே அவருக்கு வலிக்கிறது.

நம்மைப்போலவே சோதிக்கப்பட்டவர், நமக்காக வேண்டுதல் செய்ய எப்போதும் உயிரோடிருக்கிறார் என்கிறது எபிரெயர் நிருபம். ஜெபிக்க எனக்கு வார்த்தை வராத நாட்களிலும் அவர் எனக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார்.