மாதவரம் குடோன்: ஒரு சாண் கணக்கு

மே 5

கத்திரி தொடங்கி இரண்டு நாள். தகரக் கூரைக்குக் கீழே நிற்க முடியவில்லை. மத்தியானம், ஆளில்லாமல் தானே ஓடி மூட்டை சுமக்கும் எங்கள் வண்டி மறுபடியும் கடைசி ரேக்கில் முட்டி, ஒரு அரிசி மூட்டை கிழிந்துவிட்டது. ஒரு சாண் முன்னால் நின்றிருக்க வேண்டும்.

குடோனுக்குள் ஜிபிஎஸ் எடுபடாது. சக்கரம் சுற்றிய கணக்கை மட்டும் நம்பினால், திசை ஒரு டிகிரி பிசகினாலே 20 மீட்டர் போவதற்குள் 35 சென்டிமீட்டர் விலகிவிடும். அதனால்தான் நான்கு மூலையிலும் கூரையை ஒட்டி, வண்டிக்கு இடம் காட்டும் பீக்கன் கருவிகளை மாட்டினோம். ஒவ்வொன்றும் ரேடியோ சிக்னலையும் காதுக்குக் கேட்காத ஒலியையும் ஒன்றாக அனுப்பும். மின்னல் வெட்டியதும் இடி வரும்வரை எண்ணுவோமே, அதே போல இரண்டுக்கும் உள்ள இடைவெளியை வைத்து வண்டி தூரத்தைக் கணக்கிடும். காலையில் அளந்து பார்த்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது.

மே 6

லோடுமேன் அண்ணன் டீ குடிக்கும்போது சொன்னார்: "தம்பி, காலைல ஒயுங்காதான் போவுது. சோறு துன்ற நேரத்துலதான் இதுக்கு இன்னாமோ ஆவுது. நாலு மணிக்கு மேல தானா சரியாயிடுது."

நாலு மணி! கடல் காற்று உள்ளே வரும் நேரம். அதைக் கேட்ட பிறகு டீ இறங்கவில்லை.

20 டிகிரியில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். டிகிரிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். காலை 30 டிகிரிக்கு 349 என்று நான் எழுதி வைத்தது, மத்தியானம் 41 டிகிரியில் 356 ஆகிவிடுகிறது. ஒலி சீக்கிரம் வந்துவிட, வண்டி எல்லாத் தூரத்தையும் இரண்டு சதவீதம் குறைத்து எடுத்துக்கொள்கிறது. நடுவில் நிற்கும்போது இரண்டு பக்கத்துப் பிழையும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஓரத்துக்குப் போனால் 19 மீட்டர் தள்ளி இருக்கும் பீக்கன் 37 சென்டிமீட்டர் கிட்டே வந்த மாதிரி தெரியும். பக்கத்துப் பீக்கனில் பிழை இரண்டு சென்டிமீட்டர்தான். இரண்டையும் சமாதானம் செய்து, "இன்னும் ஒரு சாண் இருக்கிறது" என்று வண்டி முன்னே போகிறது.

இத்தனை நாள் மோட்டாரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணனிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

மே 7

பீக்கன் பக்கத்திலேயே வெப்பமானி வைத்தேன். இப்போது வண்டி முன்கூட்டியே நிற்கிறது. கூரையை ஒட்டிய காற்று கீழே இருப்பதைவிட ரொம்பச் சூடு.

மே 9

வெப்பமானியைக் கழற்றிவிட்டேன். ஒரு பீக்கன் மேலே, இன்னொன்று எதிர்த்தூணில் வண்டியின் உயரத்தில். நடுவே டேப் வைத்து அளந்தால் 18.40 மீட்டர். அது மாறாது. அந்தத் தூரத்தை ஒலி கடக்கும் நேரத்தை நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால், அந்த நேரத்துக் காற்றில் ஒலியின் வேகம் என்னவென்று தெரிந்துவிடும். வண்டிக்கு வரும் ஒலியும் இதே சரிவில்தான் இறங்கி வருகிறது.

மே 10

மத்தியானம் இரண்டு மணி, 42 டிகிரி. அண்ணன் தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். வண்டி பத்து முறை போய் வந்தது. கோட்டிலிருந்து அதிகபட்சம் இரண்டு விரல் விலகல். அண்ணன் ஒவ்வொரு முறையும் குனிந்து விரலை வைத்துப் பார்த்தார்.

மூட்டை உயரமாக அடுக்கிய சந்தில் மட்டும் ஒலி மறைந்துபோகிறது. திங்கட்கிழமை அங்கே இன்னொரு பீக்கன் மாட்ட வேண்டும்.