லைம் கில்ன் கரையில் கடலைக் கேட்டோம்

சியாட்டிலுக்கு வடக்கே அனகார்ட்டஸ் என்ற துறையில் ஃபெர்ரி பிடித்தால், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பயணத்தில் சான் ஹுவான் தீவு வந்துவிடும். அந்தத் தீவின் மேற்குக் கரையில் இருக்கிறது லைம் கில்ன் பாயின்ட். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டிச் சுட்ட இடம். பழைய காளவாய் ஒன்று இன்னும் நிற்கிறது. பாறைமேல் 1919-இல் கட்டிய சிறிய கலங்கரை விளக்கம். எதிரே ஹேரோ நீரிணை, அதற்கு அப்பால் கனடாவின் வான்கூவர் தீவு. கரையை ஒட்டியே கடல் சட்டென்று ஆழமாகிவிடுவதால், ஓர்காக்கள், அதாவது கொலையாளித் திமிங்கிலங்கள், பாறைக்கு மிக அருகில் வந்து போகும். படகு ஏறாமலேயே திமிங்கிலம் பார்க்க உலகில் இதைப்போல் இடங்கள் குறைவு.

நாங்கள் போன அன்று ஓர்கா வரவில்லை. அப்புறம் மகள்தான் முதலில் பார்த்தாள், கெல்ப் பாசிக்கு வெளியே சின்ன முக்கோணத் துடுப்பு ஒன்று எழுந்து, உருண்டு, மறைந்தது. கூடவே 'புஃப்' என்று ஒரு மூச்சு. கடற்பன்றிகள், அதாவது போர்பாய்ஸ். டால்பின் மாதிரி துள்ளிக் காட்டாது. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள கூச்ச சுபாவி. அலை அடங்கியிருந்ததால் அந்த மூச்சுச் சத்தம் தெளிவாகவே கேட்டது. அவ்வளவு அமைதியான மத்தியானம்.

அந்த அமைதி தண்ணீருக்கு மேலே மட்டும்தான். இந்தக் கடலடியில் ஹைட்ரோஃபோன்கள், அதாவது நீருக்குள் கேட்கும் மைக்குகள், பல ஆண்டுகளாக இருக்கின்றன. லைம் கில்னுக்குச் சற்று வடக்கே இருக்கும் ஒன்றை ஓர்காசவுண்ட் என்ற அமைப்பு இணையத்தில் நேரலையாகவே தருகிறது. பாறையில் உட்கார்ந்து போனில் அதைத் திறந்தேன். ஆளுக்கு ஒரு காதில் இயர்போன். முதலில் சலசலப்பு, சொடுக்குப் போடுவதுபோல் சின்னச் சின்னச் சத்தங்கள். பிறகு அடியிலிருந்து ஓர் உறுமல் மெல்ல ஏறியது. நிமிர்ந்து பார்த்தால், வடக்கே வெகுதூரத்தில் ஒரு கன்டெய்னர் கப்பல். கரைக்கு அதிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. காதுக்குள்ளோ உறுமல் ஏறிக்கொண்டே போனது. முன்னே கேட்ட சொடுக்குகள் எல்லாம் அதற்குள் போய்விட்டன. "இது எப்ப நிக்கும்பா?" என்றாள் மகள். கப்பல் தெற்கே கண்ணிலிருந்து மறைந்த பிறகும் நிற்கவில்லை.

தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும், காற்றில் ஓடுவதைப்போல் நாலு மடங்குக்கும் மேல். வெகுதூரமும் போகும். கப்பலின் உந்துவிசிறி வேகமாகச் சுழலும்போது அதன் இதழ்களில் குமிழிகள் உண்டாகி உடைகின்றன. அந்த இரைச்சலில் பெரும்பகுதி அதுதான். வான்கூவர் துறைமுகத்துக்குப் போகிற, வருகிற பெரிய கப்பல்கள் இந்த நீரிணை வழியாகத்தான் போயாக வேண்டும்.

இதே தண்ணீரில்தான் 'தெற்கு வாழ் ஓர்காக்கள்' (சதர்ன் ரெசிடென்ட்) என்று பெயரிடப்பட்ட ஓர்காக்கள் இரை தேடுகின்றன. ஜே, கே, எல் என மூன்று கூட்டங்கள், எல்லாம் சேர்த்து 70-க்குச் சற்று மேல். 1960களிலும் 70களிலும் இவற்றின் குட்டிகளைப் பிடித்து நீர்க்காட்சிச் சாலைகளுக்கு விற்றார்கள். அந்த இழப்பிலிருந்து இந்தக் கூட்டங்கள் இன்னும் மீளவில்லை. 2005-இல் அமெரிக்கா இவற்றை அழியும் நிலையில் உள்ளவை என்று பட்டியலிட்டது. இவற்றின் முக்கிய உணவு சினூக் சால்மன், அந்த மீனும் குறைந்துவிட்டது. ஓர்கா கிளிக் ஒலிகளை அனுப்பி, மீனின் காற்றுப்பையில் பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்தே சினூக்கைக் கண்டுபிடிக்கிறது. மீனே அரிதாகிவிட்ட கடலில், அந்த எதிரொலியையும் இரைச்சல் விழுங்கினால் அது எதைச் சாப்பிடும்? இந்தத் தீவைச் சுற்றிப் பதிவு செய்த ஆய்வாளர்கள் 2009-இல் ஒன்றைச் சொன்னார்கள்: சுற்றுச் சத்தம் ஒரு டெசிபல் ஏறினால், ஓர்காவும் தன் குரலை ஒரு டெசிபல் ஏற்றுகிறது. ஒன்றையொன்று தொலைத்துவிடாமல் இருக்கக் கத்திக்கொண்டே நீந்துகின்றன. எனக்கு அதை நினைத்தால் கோபம் வருகிறது.

கடற்பன்றிகளும் கிளிக் செய்துகொண்டுதான் இருந்திருக்கும். ஆனால் அவற்றின் ஒலி சுமார் 130 கிலோஹெர்ட்ஸ். நம் காது 20-க்கு மேல் கேட்காது. எங்கள் இயர்போனில் அது வந்திருக்க வழியே இல்லை.

கலங்கரை விளக்கத்தருகே நின்ற ஒரு வயதான தன்னார்வலர் அம்மாவிடம் இதற்கு வழியே இல்லையா என்று கேட்டேன். வேகத்தைக் குறைத்தாலே போதும், அன்றைக்கே சத்தம் குறையும் என்றார். அது நிஜம்தான். நெகிழியைக் கடலிலிருந்து எடுக்கத் தலைமுறைகள் ஆகும், இரைச்சல் அப்படித் தங்குவதில்லை. வான்கூவர் துறைமுகம் 2014-இல் எக்கோ என்ற திட்டத்தைத் தொடங்கியது. 2017-இல் ஹேரோ நீரிணையில் கப்பல்கள் விருப்பப்பட்டு 11 நாட், அதாவது மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர், வேகத்துக்குக் குறைத்துப் பார்த்தன. லைம் கில்ன் ஹைட்ரோஃபோனிலேயே வித்தியாசம் பதிவானது. அப்புறம் ஓர்கா வரும் பருவங்களில் இது தொடர்கிறது, கப்பல் வகைக்குத் தகுந்தபடி வேகம் வைக்கிறார்கள். கட்டாயம் இல்லாமலேயே பெரும்பாலான கப்பல்கள் சேர்ந்துகொள்வது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் விருப்பம் என்பது ஒரு நாள் மாறலாம். இது சட்டமாக வேண்டும் என்பதே என் கட்சி.

சின்னப் படகுகளுக்குச் சட்டம் வந்துவிட்டது. 2025 ஜனவரி முதல் வாஷிங்டன் மாநிலக் கடலில் இந்த ஓர்காக்களிடமிருந்து 1,000 கஜம், ஏறக்குறைய 900 மீட்டர், தள்ளியே இருக்க வேண்டும். படகில் மீன் தேடும் எக்கோ சவுண்டரையும் அணைக்கச் சொல்கிறார்கள். அதன் 50 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஓர்காவின் கிளிக் எல்லைக்குள்ளேயே விழுகிறது.

போக நினைப்பவர்களுக்கு: கோடையில் போங்கள், ஃபெர்ரியில் காருக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். லைம் கில்ன் ஒரு மாநிலப் பூங்கா, அங்கே வண்டி நிறுத்த டிஸ்கவர் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். தீவில் திமிங்கிலம் காட்டும் படகுகளுக்குக் குறைவில்லை, ஆனால் கரையிலிருந்தே பாருங்கள். பாதி நாளாவது ஒதுக்குங்கள். போனில் சார்ஜும் ஒரு இயர்போனும் இருக்கட்டும்.