தண்டையார்பேட்டையில் ஒரு லாப்ரடார்: ஏப்ரல் முதல் ஜூன் வரை

ஏப்ரல் 13

பக்கத்து வீட்டு அக்காவின் செருப்பு இன்றைக்கும் எங்கள் வீட்டு வாசலில் கிடந்தது. ஒற்றைச் செருப்பு, பல் பட்ட தடம்கூட இல்லை. எங்கள் லாப்ரடார், பேர் நண்டு, எதையும் கடித்துக் குதறுவதில்லை, தூக்கிக்கொண்டு வந்து யார் கண்ணில் படுகிறார்களோ அவர்கள் காலடியில் வைத்துவிட்டு வாலால் சுவரை அடிப்பான், அவ்வளவுதான். தெருவில் "சேட்டை புடிச்ச நாய்" என்று பேர் வாங்கிவிட்டான். சேட்டை இல்லை, அது அவன் குலத்தொழில். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்கள் வளர்த்த நாய்களின் வழியில் வந்தவன். தூண்டிலில் இருந்து நழுவிய மீனைக் குளிர்ந்த கடலில் குதித்து எடுத்து வருவது, வலைக் கயிற்றை வாயில் கவ்விக் கரைக்கு இழுப்பது, இதுதான் அந்த நாய்களுக்கு வேலை. அப்படிப்பட்டதை மாடி வீட்டில் கட்டிப்போட்டால் செருப்பைத்தான் மீட்டு வரும்.

ஏப்ரல் 16

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. விசைப்படகு எல்லாம் காசிமேட்டில் நெருக்கியடித்துக்கொண்டு கட்டிக் கிடக்கிறது, ஜூன் 14 வரைக்கும் இப்படித்தான். நாங்கள் போவது துறைமுகத்துக்கு இல்லை, இன்னும் வடக்கே, கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவுக் கற்களுக்கு நடுவே மணல் சேர்ந்திருக்கும் இடத்துக்கு. அங்கே அலை கொஞ்சம் அடங்கி இருக்கும். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர், "இன்னா தம்பி, இதுக்கு நீச்சல் கத்துக் குடுத்தியா?" என்றார். யாரும் கத்துக்கொடுக்கவில்லை, விரல்களுக்கு நடுவே வாத்துக்கு இருப்பது போல ஜவ்வு இருக்கிறது, அடி பருத்த வாலைச் சுக்கான் மாதிரி வைத்துத் திரும்புகிறான் என்று பாதத்தை விரித்துக் காட்டினேன். அவர் பழைய வலையில் இருந்து ஒரு மிதவையை அறுத்து, முழ நீளக் கயிறு கட்டி நண்டின் முன்னால் போட்டார். கடையில் வாங்கிய பொம்மை எதையும் அவன் அப்படிப் பார்த்ததில்லை.

கரையில் ஒரு ஆபத்து உண்டு. வலையில் இருந்து வேண்டாம் என்று உதறிப் போட்ட பேத்தை மீன். விஷம். செத்துக் காய்ந்து கிடந்தாலும் விஷம்தான். கெளுத்தி முள்ளும் அப்படியே, வாயில் குத்தினால் எடுப்பது பெரும்பாடு. "விடு" என்றால் வாயில் இருப்பதைப் போடுவதற்குத்தான் முதலில் பழக்கினேன், "உட்கார்" எல்லாம் அப்புறம்தான்.

மே 4

அக்னி நட்சத்திரம். காலை ஐந்தே காலுக்குக் கிளம்பி ஏழுக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிற்பதற்குள் சாலையைக் கடந்தால்தான் நிம்மதி. திரும்பும்போது தாரில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன், என்னால் தாங்க முடியவில்லை என்றால் அவன் பாதமும் தாங்காது.

"வெயிலுக்கு மொட்டை அடிச்சு விடுங்க" என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். கூடாது. லாப்ரடாருக்கு இரட்டை முடி: மேலே கரடுமுரடாக ஒன்று, உள்ளே மெத்தென்று ஒன்று. மேல் முடி வெயிலைத் தோலில் நேரே பட விடாது. மழித்தால் தோல் வெந்துபோகும், முடியும் பழையபடி ஒழுங்காக வளரும் என்று சொல்ல முடியாது. உதிர்ந்த உள்முடியைச் சீப்பால் வாரி எடுத்தாலே போதும். வாரினால் ஒரு தலையணை தேறும், அது வேறு விஷயம். மூச்சிரைப்பு அடங்காமல், எச்சில் கொழகொழவென்று வடிந்து, ஈறு செக்கச் சிவந்து, நடை தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. சாதாரணத் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றிக்கொண்டே டாக்டரிடம் ஓட வேண்டும்.

மே 11

அம்மாவோடு சண்டை. "பாவம்டா, பசிக்குது பாரு அதுக்கு" என்று மூன்றாவது இட்லி. அவனுக்கு எப்போதுதான் பசிக்காது? 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னது: லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு விட்டுப்போயிருக்கிறது, அப்படிப்பட்ட நாய்களுக்குச் சாப்பாட்டு ஆசை அதிகம், எடையும் கூடுகிறது. நண்டுக்கு அது இருக்கிறதோ இல்லையோ, முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. எடை ஏறினால் முதலில் அடிவாங்குவது இடுப்பு மூட்டு, இந்த இனத்துக்கு அது ஏற்கெனவே பலவீனமான இடம். விலாவில் கையை வைத்து லேசாகத் தடவினால் எலும்பு தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். இப்போது அளந்து வைக்கிறேன், இட்லியும் அந்தக் கணக்கில் சேர்த்தி. அம்மா என்னோடு பேசவில்லை, அவனோடு பேசுகிறாள்.

மே 21

இரண்டு நாளாகத் தலையை உதறிக்கொண்டே இருந்தான். காதைத் தூக்கிப் பார்த்தால் காப்பிப்பொடி நிறத்தில் அழுக்கு, புளித்த மாவு வாடை. வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். ஈஸ்ட் தொற்று, தொங்கும் காது, உள்ளே ஈரம், சென்னைப் புழுக்கம், வேறென்ன வேண்டும் என்றார் டாக்டர். சொட்டு மருந்து கொடுத்தார். ஒவ்வொரு குளியலுக்கும் அப்புறம் விரல் எட்டும் தூரம் வரை பஞ்சால் ஒற்றி எடுக்கணும், பட்ஸ் உள்ளே விடவே கூடாது. கடலில் இருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசுவது ஏற்கெனவே நடக்கிறது. குடிக்கவும் கையில் ஒரு பாட்டில் எடுத்துப் போகிறேன், இல்லாவிட்டால் கடல் தண்ணீரைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்கு.

வரிசையில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது: இந்தக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிய 1903-இல்தான், நாய் இனங்களைப் பதிவு செய்யும் இங்கிலாந்து கென்னல் கிளப்பும் லாப்ரடாரைத் தனி இனமாக ஏற்றது.

ஜூன் 1

நேற்று அக்கா பிள்ளைகள் வந்திருந்தார்கள். மிதவையை மாற்றி மாற்றிக் கடலில் வீச, அவனும் சளைக்காமல் நீந்த, போதும் என்று சொல்லத் தெரியாத ஜென்மம். இன்று காலை வால் அடியில் கொஞ்சம் நீட்டி, அதற்குமேல் துவண்டு தொங்குகிறது. உட்காரவே யோசிக்கிறான். உடைந்துவிட்டது என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள், சண்டையும் அதோடு முடிந்தது. வால் தசை அயர்ந்துபோவது நீந்தும் நாய்களுக்கு வரக்கூடியதுதான், சில நாள் ஓய்வில் சரியாகும் என்றார் டாக்டர். வலிக்கு நம் வீட்டு மாத்திரை எதையும் கொடுக்கக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். பாராசிட்டமால், இபுப்ரோஃபென் எல்லாம் நாய்க்கு ஆபத்து.

ஜூன் 15

வால் எழுந்துவிட்டது, செருப்பும் மறுபடி காணோம். நள்ளிரவோடு தடை முடிந்து படகுகள் கிளம்பிவிட்டன. இனி கரையில் வலையும் மீனும் ஆளும் நிறைந்திருக்கும், கயிறு இல்லாமல் விட முடியாது. எண்ணூர் முகத்துவாரப் பக்கம் போகலாமே என்று ஒருவர் சொன்னார். சாம்பலும் ஆலைக் கழிவும் வரும் தண்ணீர், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படிந்த இடம், அங்கே இறக்க எனக்கு மனசில்லை. மழைக்கு முன்னால் எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் போட்டுவிட வேண்டும், தெருவில் தேங்கும் தண்ணீரையும் இவன் விடமாட்டான்.

ஆபீஸில் ஒருவர், பெரம்பூரில் இரண்டு பெட்ரூம் வீடு, பிள்ளைகள் கேட்கிறார்கள், லாப்ரடார் வாங்கலாமா என்கிறார். சாதுவான நாய் என்று யாரோ சொன்னார்களாம். சாதுதான், வேலை கொடுத்தால். முதல் இரண்டு மூன்று வருஷம் அந்த வேலையைக் கொடுக்க நேரம் இல்லை என்றால் வாங்காதீர்கள், தெருவில் ஒரு குட்டியை எடுத்து வளர்த்தாலும் பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. சரி, ஒரு வாரம் காலையில் எங்களோடு வாருங்கள், அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள் என்றேன். புதன்கிழமை வருகிறார். பேண்ட் போட வேண்டாம், கைலி போதும் என்று சொல்லியிருக்கிறேன்.