அசதி இல்லை, கால் வரலை

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அன்று காலை கழிவறையில் உட்கார்ந்தவள் எழ முடியவில்லை. சுவர்க் கம்பியைப் பிடித்து இழுத்தும் தொடை கேட்கவில்லை. அம்மாதான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். "கீமோ போட்டா அப்படித்தான்டி இருக்கும். ரெண்டு இட்லி சேர்த்துச் சாப்பிடு" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எனக்கு ஏ.எம்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய். முதல் சுற்று கீமோ முடிந்து வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருந்தபோது நுரையீரலில் பூஞ்சைத் தொற்று வந்தது. அதற்கு ஆம்போடெரிசின் ஏறிக்கொண்டிருந்தது. பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் சிறுநீரிலேயே இறக்கிவிடுகிற மருந்து அது. வயிற்றுப்போக்கு வேறு.

மதியத்துக்குள் வித்தியாசம் புரிந்துவிட்டது. அசதியில் எழுந்திருக்க மனசே வராது. இதில் மனசு எழுந்துவிடும், கால் வராது. டாக்டரிடம் அப்படியே சொன்னேன். வார்டில் படுத்துக்கொண்டு இதைப் படிப்பவர்களே, தயவுசெய்து "அசதியா இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வேலை செய்ய வரவில்லை என்று சொல்லுங்கள்.

டாக்டர் முழங்காலைத் தூக்கச் சொல்லி, தன் கையால் அழுத்திப் பார்த்தார். உடனே ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை. தசைகள் வேலை செய்யத் தேவையான பொட்டாசியம் 2.3தான். இருக்க வேண்டியது 3.5 முதல் 5 வரை.

பொட்டாசியம் பாட்டில் ஏறும்போது நரம்பு எரிவதை என்னவென்று சொல்ல! மிளகாய் அரைத்த கையை வெந்நீரில் விட்ட மாதிரி. "வேகமா விட்டு முடிச்சிடுங்க சிஸ்டர்" என்று அழுதேன். "வேகமா விட்டா இதயமே நின்னுடும்மா. மெதுவாத்தான் போகணும்" என்றார். அன்று முழுக்க என் கையைத் தடவிக்கொடுத்தது அவர்தான்.

இரண்டு நாள் ஏற்றியும் 2.6தான். மெக்னீசியமும் குறைந்திருந்தது. அதைச் சரிசெய்யாமல் பொட்டாசியம் உடம்பில் நிற்காதாம். அதையும் ஏற்றினார்கள்.

இதற்கிடையில் அப்பா மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் இளநீர் கொண்டுவந்தார். சிகிச்சை ஆரம்பத்தில், புற்றணுக்கள் உடையும்போது பொட்டாசியம் ஏறிவிடும் என்று இளநீரும் வாழைப்பழமும் வேண்டாம் என்றிருந்தார்கள். "இப்பதான் குறைஞ்சிடுச்சே?" என்று கேட்டார் பாவம். தொற்று வந்துவிடும், வெள்ளை அணு ஏறும்வரை வெளியில் வெட்டிய இளநீர் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கொண்டுவந்த தூக்குவாளியை அப்படியே திருப்பி எடுத்துப்போனார்.

ஐந்தாம் நாள் 3.6. கழிவறையில் அம்மா வழக்கம்போல அக்குளுக்குக் கை நீட்டினாள். அதைப் பிடிப்பதற்குள் எழுந்து நின்றிருந்தேன்.