அப்பாவின் பெயரும் 15 புள்ளிகளும்

கனடாவுக்கு விண்ணப்பிக்கும்வரை அப்பாவுக்கு இரண்டு பெயர் இருந்தது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அண்ணா 1986ல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். அவருடைய பிறப்புப் பத்திரம் தமிழில் இருக்கிறது, அதில் அப்பா 'செல்வராசா'. நான் 1991ல் கொழும்பில் பிறந்தேன். பதிவாளர் சிங்களத்தில் எழுதினார், எழுதும்போது 'செல்வராஜா' ஆக்கிவிட்டார். ஒரு எழுத்துத்தானே. 30 வருடம் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

2022ல்தான் வெளியே போகும் யோசனை வந்தது. அந்த வருடம் கொழும்பில் இருந்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை: மின்வெட்டு, பெற்றோல் வரிசை, காஸ் வரிசை. பத்தரமுல்லையில் கடவுச்சீட்டுக்காக இரவே போய்ப் படுத்துக் கிடந்தவர்களில் நானும் ஒருத்தி.

என்னோடு வேலை செய்த தோழி அவுஸ்திரேலியாவைப் பிடித்துக்கொண்டாள். கனடாவும் அவுஸ்திரேலியாவும் வயது, படிப்பு, மொழி என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுத்தான் குடியேற ஆள் எடுக்கின்றன. அவுஸ்திரேலியாவில் தமிழுக்கும் மதிப்பு உண்டு. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் உரையாடலை மாற்றிச் சொல்லும் பரீட்சை ஒன்றில் தேறினால் 5 புள்ளி கொடுப்பார்கள். கனடாவில் பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தால் 50 மேலதிகப் புள்ளிவரை உண்டு, தமிழுக்கு ஒன்றுமில்லை. டொரொன்டோவின் ஸ்காபரோவில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளைப் பார்த்தவர்களுக்கு இது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். ஆனாலும் அண்ணா 2011லிருந்து அங்கேதான், இப்போது பிரஜை. பிரஜையாகவோ நிரந்தர வதிவிட உரிமை (பி.ஆர்.) உள்ளவராகவோ கூடப்பிறந்தவர் ஒருவர் அங்கே வசித்தால் 15 புள்ளி. சரி, கனடாதான் என்று முடிவெடுத்தேன்.

முதலில் பட்டங்களை மதிப்பிட அனுப்ப வேண்டும். பெறுபேற்றுப் பத்திரத்தைப் பல்கலைக்கழகமே நேரே அனுப்ப வேண்டும் என்பது விதி. அதற்கு எத்தனை தடவை போய் நின்றேன் என்று எழுதினால் இந்தக் கட்டுரை அங்கேயே முடிந்துவிடும்.

ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலபேர் சறுக்குவது இங்கேதான். முதல் தடவை கேட்டலில் 8.5, வாசிப்பில் 8, பேச்சில் 7.5, எழுத்தில் 6.5 வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கணக்கைப் போட்டுப் பார்த்தால் மொத்தம் 424. எழுத்தில் 7 வந்திருந்தால் 482. அரை மதிப்பெண்ணுக்கு 58 புள்ளியா என்று நானும் முதலில் நம்பவில்லை. விஷயம் இதுதான்: எழுத்துக்கான புள்ளி மட்டும் பார்த்தால் 8தான் கூடுகிறது. ஆனால் நான்கு திறனிலும் கனடாவின் சொந்த மொழி அளவுகோலில் 9ஆம் நிலையைத் (அது பரீட்சையின் 9 அல்ல, எழுத்தில் 7 எடுத்தாலே அந்த நிலை) தொட்டுவிட்டால், முதுகலைப் பட்டத்தோடு சேரும் புள்ளி 25லிருந்து 50 ஆகிறது, 3 வருட வேலை அனுபவத்தோடு சேரும் புள்ளியும் அப்படியே. ஒன்றில் தவறினாலும் இரண்டும் பாதி. ஆகவே மற்ற மூன்றும் நன்றாக இருக்கிறதே என்று ஆறுதல்பட்டுக்கொண்டு இருக்காதீர்கள், காசைக் கட்டித் திரும்ப எழுதுங்கள். நான் 2023 ஜனவரியில் திரும்ப எழுதினேன். மற்ற மூன்றும் அப்படியே இருக்க, எழுத்தில் சரியாக 7.

பெப்ரவரியில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற கனடாவின் காத்திருப்புப் பட்டியலில் 482 புள்ளியோடு பெயரைப் போட்டேன். ஒவ்வொரு சுற்றிலும் கூடிய புள்ளி உள்ளவர்களைத்தான் விண்ணப்பிக்க அழைப்பார்கள். மார்ச் 15 சுற்றில் 490 கேட்டார்கள். 23ஆம் தேதி 484. ஏப்ரலில் எனக்கு 32 வயது, அன்றோடு 5 புள்ளி போய்விடும். 29ஆம் தேதி 481. இரவு ஃபோனில் அதைப் பார்த்துவிட்டு அம்மாவை எழுப்பினேன். "எத்தனை பேருக்குக் குடுத்தவங்கள்?" என்று கேட்டார். 7,000 என்றேன். "அப்ப பெரிய விஷயமில்லை" என்று திரும்பிப் படுத்துவிட்டார்.

அழைப்பு வந்ததிலிருந்து 60 நாளுக்குள் எல்லா ஆவணமும் ஏற்ற வேண்டும். அண்ணா தன்னுடைய பிறப்புப் பத்திரத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். என்னுடையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அந்த ராசாவும் ராஜாவும் கண்ணில் பட்டது. நாங்கள் சகோதரர் என்று நிரூபிக்க முடியாவிட்டால் 15 புள்ளி போய் 467, விண்ணப்பமே நிராகரிப்பு.

காலி வீதியில் ஒரு ஏஜென்சிக்குப் போனேன். கோட் போட்ட தம்பி ஒருவர் இரண்டு பத்திரத்தையும் பார்த்துவிட்டு, "அக்கா, இது பெரிய கேஸ்" என்றார். என் பத்திரத்தில் பெயரைத் திருத்த வேண்டுமாம், ஆள் இருக்கிறதாம், இரண்டு இலட்சம் ஆகுமாம். காசு வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பத்தில் ஆலோசனை சொல்ல அங்கே உரிமம் பெற்ற சட்டத்தரணி, ஆலோசகர் போன்றவர்களுக்குத்தான் அனுமதி உண்டு. உரிமம் உள்ளவர்களின் பெயர் ஒன்லைனில் எவரும் தேடக்கூடிய பதிவேட்டில் இருக்கும். அந்தக் கதிரையிலேயே இருந்து ஃபோனில் தேடினேன். தம்பியின் பெயர் இல்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

புதுக்கடையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவர், எழுபது வயதிருக்கும். ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி எழுதிவிட முடியுமா என்று மெதுவாகக் கேட்டேன். "மகள், இருக்கிறதைத்தான் நான் எழுதலாம். நான் திருத்த வெளிக்கிட்டால் என்ட முத்திரைக்கு என்ன மதிப்பு?" என்றார். பிறகு இரண்டு பத்திரத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரல் கீழே இறங்கியது. "தாயின்ட பெயர் ரெண்டிலும் ஒண்டுதானே. தாய் காணாதா?"

வீட்டுக்கு வந்து விதியைத் திரும்ப வாசித்தேன். தாயோ தந்தையோ ஒருவர் பொதுவாக இருந்தால் போதும் என்றுதான் அதில் இருந்தது. ஏஜென்சித் தம்பி, அண்ணா, நான், மூவரும் அப்பாவின் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாவின் பெயரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இருந்தாலும் விசா அதிகாரிக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று, இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று அம்மாவைக் கொண்டு சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக் கடதாசி முடித்தேன். அப்பா அம்மாவின் விவாகப் பத்திரத்தையும் ஒரு பக்க விளக்கக் கடிதத்தையும் சேர்த்தேன்.

வங்கிக் கடிதம் இன்னொரு தலையிடி. தனி ஆளுக்கு அப்போது 13,310 கனடிய டொலர் காட்ட வேண்டும். 2022 தொடக்கத்தில் அது ஏறக்குறைய 21 இலட்சம் ரூபாய். ரூபாய் விழுந்த வேகத்தில் நான் விண்ணப்பிக்கும்போது 30 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. கடன் வாங்கிக் காட்ட முடியாது, அம்மாவின் நிலையான வைப்பை என் பெயருக்கு மாற்றி, அன்பளிப்பு என்று கடிதமும் வைத்தோம். கணக்குத் தொடங்கிய தேதி, இப்போதைய மீதி, 6 மாதச் சராசரி, கடன் உண்டா இல்லையா, இத்தனையும் ஒரே கடிதத்தில் கேட்கிறார்கள். "எங்கட ஃபோர்மெட்டில் சராசரி வராது" என்று வங்கியில் இரண்டு தரம் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் தரம் கனடாவின் அறிவுறுத்தலையே அச்சடித்துக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். சராசரி வந்தது.

பொலிஸ் அறிக்கைக்கு ஒன்லைனில் விண்ணப்பித்தால், நாம் இருக்கும் இடத்துப் பொலிஸ் நிலையத்துக்கு விசாரணைக்கு வரும். ஒரு பின்னேரம் கதவில் பொலிஸ்காரர் ஒருவர், கையில் ஃபைல். சின்னப் பெடியன், மரியாதையாகத்தான் பேசினார். அம்மா அவரைக் கண்டதும் ஒன்றும் பேசாமல் அலுமாரியைத் திறந்து, பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார். யுத்தக் காலத்தில் வீட்டில் இருப்பவர்களின் பெயரையெல்லாம் பொலிஸில் பதிந்து வைத்திருந்த படிவம். 2007 ஜூனில் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழரைப் பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியபோது, எங்கள் தெருவில் எல்லோரும் அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தார்கள். பெடியனுக்கு அது என்னவென்றே விளங்கவில்லை. புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது வேண்டாம் அம்மா, மிஸ்ஸின் அடையாள அட்டை போதும்" என்று சிங்களத்தில் சொன்னார். அம்மா அதைத் திரும்பவும் அதே மடிப்பில் மடித்து வைத்தார்.

மே மாதம் கட்டணம் 1,365 டொலரும் விரலடையாளத்துக்கு 85 டொலரும் கட்டி அனுப்பினேன். பிறகு மருத்துவப் பரிசோதனை. பிறகு ஒன்றுமில்லை, மாதக்கணக்காக ஒன்றுமில்லை. நவம்பரில் விசா ஒட்டக் கடவுச்சீட்டைக் கேட்டார்கள்.

எனக்குக் கிடைத்ததை வைத்து நீங்கள் கணக்குப் போட வேண்டாம். அந்த 481க்குப் பிறகு அந்த வருடம் எல்லோருக்குமான பொதுச் சுற்று ஒன்றும் அவ்வளவு கீழே வரவில்லை. 2024ல் 520க்கு மேலேயே நின்றது. வேலை வாய்ப்புக் கடிதத்துக்குக் கொடுத்த புள்ளியையும் 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள், அதைக் காட்டிக் காசு கேட்கும் ஆட்கள் மட்டும் இன்னும் காலி வீதியில் இருக்கிறார்கள். இன்று தொடங்கியிருந்தால் நான் பிரெஞ்சு வகுப்புக்குத்தான் போயிருப்பேன்.

கடவுச்சீட்டு திரும்பி வந்த அன்று அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். குடும்பப் பெயர் இருந்த இடத்தில் செல்வராஜா. அண்ணாவின் வீட்டுக் கதவில் செல்வராசா. "ஒரே ஊரில ரெண்டு குடும்பமாப் போச்சுது" என்று சிரித்தார். பிறகு சத்தியக் கடதாசியைக் கைப்பைக்குள் வைக்கச் சொன்னார். பெட்டிக்குள் வேண்டாமாம், பெட்டி துலைந்தாலும் துலைந்துவிடுமாம்.